போர் தண்ணீர் வீட்டில் மூன்று வருடமாக இயற்கை லிக்விட் சோப்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தண்ணீர். கீழே அடி பம்பில் மெட்ரோ தண்ணீர், அதாவது குடிநீர் வாரியம் விடுவது, மாடி டேங்கில் போர் தண்ணீர். இதைச் சொல்லாமல் இயற்கை லிக்விட் சோப்பைப் பற்றி எழுதினால் பாதிக் கதைதான். முதல் ஆறு மாதம் சோப்பை நான் திட்டியதெல்லாம் உண்மையில் தண்ணீரைத் திட்டியிருக்க வேண்டியது.

வாங்கியதற்குக் காரணம் கை வெடிப்பு. பாத்திரம் தேய்க்கிற கட்டி சோப்பில் விரல் இடுக்கெல்லாம் வெடித்து, மீனுக்கு மிளகாய்த்தூள் தடவும்போது உயிர் போய்விடும். நாத்தனார் ஒரு பாட்டில் கொடுத்தார், தேங்காய் எண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துச் செய்தது. சிங்க்கில் போர் தண்ணீரில் தேய்த்தேன், நுரையே வரவில்லை. எவர்சில்வர் தட்டு காய்ந்த பிறகு வெள்ளையாகப் பூத்திருந்தது, விரலால் தேய்த்தால் மெழுகு மாதிரி ஒட்டியது. பக்கெட்டின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். சரி, கறைக்கு வினிகர் நல்லது என்கிறார்களே என்று சோப்போடு கலந்தேன், திரிந்த பால் மாதிரி ஆகிவிட்டது. புளிப்பு பட்டால் சோப்பு சோப்பாக இருக்காது, உடைந்து மறுபடி எண்ணெய்ப் பசையாகிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. கறைக்கு வினிகர் வேண்டுமானால் சோப்பைச் சுத்தமாக அலசிவிட்டுத் தனியாகப் போடுங்கள்.

பிறகு இரண்டு காலி பாட்டிலில் பாதி அளவுக்கு, ஒன்றில் அடி பம்பு தண்ணீர், ஒன்றில் போர் தண்ணீர் பிடித்து, நாலு நாலு சொட்டு சோப் விட்டுக் குலுக்கிப் பார்த்தேன். முதல் பாட்டிலில் நுரை கழுத்து வரை ஏறி அப்படியே நின்றது. இரண்டாவதில் தண்ணீர் பால் மாதிரி கலங்கி, மேலே திரித்திரியாக மிதந்தது, நுரை ஒரு விரல்கடை கூட இல்லை. போர் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத பிசுக்காக மாற்றிவிடுகின்றன, அதுதான் தட்டில் பூத்த வெள்ளை. வாங்குகிற யாரும் முதலில் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும், இரண்டு நிமிட வேலை.

லேபிளையும் படியுங்கள். எண்ணெயைக் காஸ்டிக் சோடாவில் காய்ச்சினால் கட்டி சோப், பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் காய்ச்சினால் லிக்விட் சோப். வேப்பிலைப் படம் போட்ட ஒரு பாட்டில் வாங்கினேன், பின்பக்கம் பொடி எழுத்தில் சோடியம் லாரத் சல்பேட். அது போர் தண்ணீரிலும் பொங்கிப் பொங்கி நுரைத்தது, பாத்திரமும் பளிச்சென்று ஆனது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரண டிடர்ஜென்டை இயற்கை என்று சொல்லி இரண்டு மடங்கு விலைக்கு விற்பது அநியாயம்.

இப்போது எதற்கு எது என்று பழகிவிட்டது. கை கழுவ, குளிக்க, காட்டன் புடவை அலச எல்லாம் மெட்ரோ தண்ணீரும் லிக்விட் சோப்பும். கை வெடிப்பு நின்றே இரண்டு வருடம் ஆகிறது, எனக்கு அது ஒன்றே போதும். தலைக்கு மட்டும் வேண்டாம், சோப்பில் காரத்தன்மை அதிகம், இரண்டு முறை போட்டதில் முடி சிக்கு விழுந்து சீப்பு இறங்கவில்லை. போர் தண்ணீரில்தான் பாத்திரம் என்றால் நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கி வேகவைத்து அந்தத் தண்ணீரில் தேய்க்கிறேன், பிசுக்கு படிவதில்லை, ஆனால் வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும், கண்ணில் பட்டால் நல்ல எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் சங்கரா மீன் வாங்கி வந்து ஆய்ந்த கையில் கவுச்சி போக இந்த சோப் மட்டும் போதாது. முதலில் புளித்தண்ணீரில் கையைக் கசக்கி, நன்றாக அலசிவிட்டு, அதற்கு மேல் சோப். கத்திக்கும் பலகைக்கும் அதே முறைதான்.

எதிர்பாராமல் உதவியது மொட்டை மாடியில். செம்பருத்தியில் மாவுப்பூச்சி பஞ்சு மாதிரி அப்பியிருந்தது. ஒரு லிட்டர் மெட்ரோ தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சோப் கலந்து, வெயில் இறங்கிய பிறகு இலையின் அடிப்பக்கமும் நனைகிற மாதிரி வாரம் ஒரு முறை அடித்தேன். பூச்சிமேல் நேராகப் பட்டால்தான் வேலை செய்யும், அதனால் கணுக்கணுவாகப் பார்த்து அடிக்க வேண்டும். நாலாவது வாரம் புது மொட்டு விட்டது.