கல்லடித் தயிர்க்கடையும் என் தொண்டையும்

மட்டக்களப்புக் கல்லடியில் கடற்கரைப் பக்கம் திரும்பும் சந்தியில் தகரக் கூரை போட்ட சின்னக் கடை. பெயர்ப்பலகை கிடையாது. எருமைத் தயிர் மட்டும்தான், சட்டி 600 ரூபாய். பால் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து வருகிறது. விறகில் காய்ச்சி உறைய வைக்கிறார்கள்.

சென்ற வருடம் எனக்குத் தொண்டையில் சத்திர சிகிச்சை. 19 நாட்கள் மூக்குக் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. வயிறு நிறையும், பசியும் இல்லை. ஆனாலும் பக்கத்துக் கட்டிலுக்குப் பிட்டுப் பார்சல் வந்தால் என் மனிசி திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவாள். அப்புறம், வாயில் வைத்துச் சுவைத்துவிட்டுத் துப்பலாம் என்றார்கள். அது அதைவிடக் கொடுமை. வாயூறி, வயிறு புரண்டு, கடைசியில் எல்லாம் கிண்ணத்தில். ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், நாய்களின் உணவுக்குழாயைக் கழுத்தில் திறந்துவிட்டு, தின்றது வயிற்றுக்குப் போகாமல் வெளியே விழ வைத்தாராம். இரைப்பைச் சாறு கொட்டியதாம், மணிக்கணக்கில் தின்றும் அவை அடங்கவில்லையாம். அந்த நாய்களுக்கு விழுங்கவாவது கிடைத்தது!

குழாய் கழற்றியதும் தண்ணீர் கேட்டேன், தரவில்லை. தண்ணீர் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுமாம். கெட்டியானது மெதுவாகப் போகும். தயிர் சரி என்றார்கள். மனிசி இந்தக் கடைக்குத்தான் ஓடினாள்.

முதல் கரண்டி. நாக்கில் புளிப்பும் குளிர்ச்சியும், அவ்வளவுதான். தலையைக் குனிந்து விழுங்கினேன். விழுங்கும் அந்த நொடியில் மூச்சு நின்றுவிடும், பிறகு வெளிமூச்சு தொண்டையிலிருந்து மூக்கின் பின்பக்கமாக மேலேறும். அந்த மூச்சில் வந்தது விறகுப் புகை, ஈரச் சட்டி மணம், எருமைப்பாலின் கொழுப்பு வாசம். துப்பிய நாட்களில் இந்தப் புகையை நான் ஒருநாளும் அறியவில்லை. பிறகு நெஞ்சுக்குள் ஒரு குளிர் கோடு மெல்ல இறங்கியது. மூன்று கரண்டிதான். போதும் என்று கையைக் காட்டினேன். 19 நாளில் போதும் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

குறையும் உண்டு. மாரி காலத்தில் சில நாள் தயிர் தளதளவென்று நீர்விட்டு நிற்கும். கேட்டால் கடைக்கார அம்மா, “குளிர் மகன், உறையல்ல” என்பார், அதே விலையையும் வாங்கிக்கொள்வார். சட்டியைச் சாய்த்துப் பார்த்து வாங்குங்கள். பத்து மணிக்குப் பிறகு போனால் வெறுஞ் சட்டிதான் இருக்கும்.

சீனி போடாதீர்கள், புகை மணம் அடங்கிவிடும். மனிசி போடுகிறாள், அது வேறு சண்டை.