கைமரத்தில் கருவண்டு: மூன்று வருடம் செய்து பார்த்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை

தாழ்வாரத்தைப் பெருக்கிவிட்டுப் படுத்தாலும் காலையில் அதே இடத்தில் ஒரு பிடி மரத்தூள் கிடக்கிறதா? அண்ணாந்து பாருங்கள். கைமரத்தின் அடிப்பக்கத்தில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு, துளைக்கருவி போட்டது போல வட்டமான ஓட்டை இருக்கும். அதற்குக் கீழே சுவரில் மஞ்சள் பழுப்பாக ஒழுகின கறையும் இருந்தால் அது கருவண்டுதான். மாவு மாதிரி நைசான தூளும் குண்டூசித் தலை அளவு ஓட்டையும் இருந்தால் அது உளுப்பூச்சி. அதற்கு வைத்தியமே வேறு.

பெயர்தான் வண்டு, உண்மையில் இது சைலோகோபா இனத்துத் தேனீ. மரத்தைத் தின்பதில்லை, கூடு கட்டக் குடைகிறது. இந்த ஒரு விஷயம் புரியாமல் செலவு செய்கிறவர்கள் அதிகம். போரிக் ஆசிட், போராக்ஸ் கரைசலில் ஊறவைத்த மூங்கில் உளுக்காது, உண்மைதான். ஆனால் கருவண்டு அதையும் துளைக்கும். குடைந்த தூளைக் கீழே தள்ளிவிடுவதால் மருந்து அதன் வயிற்றுக்குள் போவதே இல்லை.

ஓட்டை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நேராக உள்ளே போகும். பிறகு சட்டென்று திரும்பி, மர நாரோடு சேர்ந்து நீளும். அந்தச் சுரங்கத்தில் மகரந்த உருண்டை வைத்து, அதன் மேல் ஒரு முட்டை இட்டு, மரத்தூளைக் குழைத்துத் தடுப்பு எழுப்பி, அடுத்த அறை, அதற்கடுத்த அறை என்று பெண் வண்டு கட்டிக்கொண்டே வரும். பழைய சுரங்கத்தை அடுத்த தலைமுறை விடுவதில்லை, இன்னும் நீட்டும். எனவே வண்டை விரட்டுவதை விட ஓட்டையை ஒழிப்பதுதான் வேலை. மூன்று வருடமும் திரும்பத் திரும்பத் தெரிந்தது இதுதான்.

முதலில் தோற்றவை. மண்ணெண்ணெய் ஊற்றினால் வாசலில் நிற்கிற வண்டு ஓடும், தடுப்புக்குப் பின்னால் இருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. எண்ணெய் ஊறின இடத்தில் பெயின்ட் பிடிக்காது, தீ அபாயமும் உண்டு. பாச்சை உருண்டை வைத்தால் ஒரு சாண் தள்ளிப் புது ஓட்டை விழுகிறது. வேப்பெண்ணெய், பூண்டுச் சாறு எல்லாம் வாடை இருக்கிற சில நாளைக்குத்தான்.

வண்டு உள்ளே இருக்கும்போதே, மரத்துக்குப் பூசும் புட்டிப் பசையை வைத்து அடைப்பது எல்லாவற்றையும் விட மோசம். அது பக்கத்தில் வேறு வழி குடைந்து வெளியே வரும். ஒரு ஓட்டை இருந்த இடத்தில் இரண்டாகிவிடும்.

உள்ளே ஆள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. செய்தித்தாளைக் கசக்கி, மாலையில் லேசாக ஓட்டையில் செருகுங்கள், இறுக்க வேண்டாம். மறுநாள் பகலில் காகிதம் கீழே விழுந்திருந்தால் குடியிருக்கிறது. ஒரு வாரம் அப்படியே இருந்தால் வளர்ந்த வண்டு இல்லை. ஆனால் குஞ்சு இருக்கலாம். முட்டை வண்டாகி வெளியே வர ஒன்றரை மாதத்துக்கு மேலும் ஆகலாம்.

அமெரிக்க வழிகாட்டிகளில் கார்பரில் என்ற பூச்சிமருந்துத் தூள் போடச் சொல்லியிருக்கும். இந்தியாவில் அது 2018இலேயே தடை செய்யப்பட்டது, தேடி அலைய வேண்டாம். நாங்கள் பயன்படுத்தியது போரிக் ஆசிட் பவுடர். ஓட்டைக்கு அரை டீஸ்பூன். நேரான மூக்குள்ள பாட்டிலால் ஊதினால் தூள் முழுக்க எதிர்ச்சுவரில் அப்பிக்கொள்ளும், திருப்பத்தைத் தாண்டாது. கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூபில் மெல்லியதாக ஒரு சாண் வெட்டி, காய்ந்த சாஸ் பாட்டிலின் வாயில் செருகி, டியூபைச் சுரங்கம் திரும்புகிற பக்கம் தள்ளிவிட்டு ஊதுங்கள். திருப்பம் எந்தப் பக்கம் என்று சைக்கிள் ஸ்போக்கின் நுனியை வளைத்து விட்டுப் பார்த்தால் தெரியும். இருட்டின பிறகு, முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். வண்டு தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போதுதான் தூள் வேலை செய்யும், எனவே மெதுவாகத்தான் பலன் தெரியும். குஞ்சு பொரித்து வெளியே வரும் வழியிலும் தூள் கிடக்க வேண்டும் என்பதால் இரண்டு மாதம் ஓட்டையை மூடாமல் விடுங்கள்.

முகத்துக்கு நேரே வந்து ரீங்கரித்து மிரட்டுவது ஆண் வண்டு. அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண்ணுக்கு உண்டு, கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டுவது அபூர்வம். பயந்து ஏணியில் இருந்து விழுவதுதான் நிஜமான ஆபத்து. கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

அடைப்பதில் நாங்கள் செய்த தவறு இரும்புக் கம்பளி. ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்து மரத்தில் கறை இறக்கியது. அலுமினியக் கொசுவலைத் துண்டைச் சுருட்டி மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தள்ளுங்கள். அதன் மேல் ஓட்டைக்குச் சரியான மரமுளையை, தண்ணீர் தாங்கும் மரப்பசை தடவிச் சுத்தியலால் இறக்கி, மட்டமாக அறுத்துவிடுங்கள். வெறும் எபாக்சி புட்டி வெயில் படும் கைமரத்தில் நிற்கவில்லை. மரம் சுருங்கி விரிகிறது, புட்டி அசையாது, விளிம்பில் விரிசல் விடுகிறது. முளைக்கு மேல் மெல்லிய பூச்சாக மட்டும் அதை வையுங்கள்.

கடைசியாகப் பெயின்ட். உப்புத்தாள் தேய்த்து, ஒரு கோட் பிரைமர், இரண்டு கோட் எண்ணெய் எனாமல். வார்னிஷ் வெயிலில் சீக்கிரம் உரிகிறது, மரத்துக்கு நிறமேற்றும் ஸ்டெயின் மட்டும் அடித்தால் தடுப்பதே இல்லை. பெயின்டர்கள் கண்ணுக்குத் தெரிகிற பக்கவாட்டை மட்டும் அடித்துவிட்டு அடிப்பக்கத்தையும் அறுத்த முனையையும் விட்டுவிடுவார்கள். வண்டு தேடி வருவது அந்த இரண்டு இடத்தைத்தான். ஆள் நிற்கும்போதே ஏணியில் ஏறிப் பார்த்துவிடுங்கள்.

பொறி பற்றி. மரப்பெட்டியின் பக்கங்களில் மேல்நோக்கிச் சாய்ந்த ஓட்டைகள், அடியில் தெளிவான பாட்டில். இருட்டில் நுழைந்த வண்டு கீழே தெரியும் வெளிச்சத்தை நோக்கி இறங்கி மாட்டிக்கொள்ளும். தத்துவம் சரி. ஆனால் ஆயத்தமாக வருபவற்றில் ஓட்டை அரை அங்குலம்தான், அது அமெரிக்க வண்டுக்கான அளவு. நம்மூர்ப் பெரிய கருவண்டு தலையை விட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும். 16 மில்லிமீட்டர் பிட்டால் பெரிதாக்கிய பிறகே விழுந்தது. பக்கத்தில் பழைய ஓட்டை திறந்திருந்தால் அப்போதும் பொறிக்கு வராது.

மரத்தின் பலத்தையும் ஸ்போக்கால் பாருங்கள். கைமரத்தின் நடுப்பகுதியில் இரண்டு பக்கமும் முழு ஸ்போக் போகிறதென்றால் அடைத்துப் பயனில்லை. தச்சரைக் கூப்பிட்டு அதை ஒட்டி இன்னொரு கைமரம் கொடுக்கச் சொல்லுங்கள்.

பந்தல் மூங்கிலை எப்போதும் கணுவை ஒட்டி வெட்டுங்கள். வாய் திறந்த முனை கிடைத்தால் அதற்குத் துளைக்கும் சிரமம்கூட இல்லை. வெட்டி மிஞ்சின காய்ந்த துண்டுகளை, ஒரு முனை திறந்தபடி கட்டாகக் கட்டி, வீட்டை விட்டுத் தள்ளி மழை படாத இடத்தில் படுக்கை வாட்டில் தொங்கவிட்டிருக்கிறோம். சணப்பையும் பேஷன் ஃப்ரூட்டும் காய்க்க இந்த வண்டு வேண்டும், கத்தரிப்பூவையும் அதிர்த்து மகரந்தம் உதிர்க்கும். அந்தக் கட்டில் குடியேறினதை நாங்கள் தொடுவதில்லை.