டயர் சென்சார் விஷயத்தில் என்னை ஏமாற்றிவிட்டார்கள், கார் எடுக்கப்போகிறவர்கள் படியுங்கள்

போன வருடம் கார் எடுத்தபோது ஷோரூமில் ஒன்று கேட்டேன். டயருக்குள் இருக்கும் காற்றழுத்த சென்சார் அனுப்பும் சிக்னலை வெளியாள் பிடிக்க முடியுமா? "சான்ஸே இல்ல சார், எல்லாம் லாக் ஆகித்தான் போகும்" என்றார் விற்பனையாளர். அது பச்சைப் பொய்.

போன மாதம் எலக்ட்ரானிக்ஸ் படிக்கும் அக்கா மகன் வந்திருந்தான். பென் டிரைவ் அளவு ரேடியோ ரிசீவரை லேப்டாப்பில் செருகி, இந்த சென்சார்கள் சிக்னல் அனுப்பும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வைத்து, மாடி பால்கனியில் உட்கார்ந்தான். என் மனைவி தெருமுனையில் காரைத் திருப்பியதும் திரையில் ஒரு வரி விழுந்தது: எட்டு எழுத்தில் ஒரு ஐடி, காற்று 33, சூடு 41 டிகிரி. லாக்கும் இல்லை, ஒன்றும் இல்லை.

காற்றும் சூடும் யாருக்குத் தெரிந்தால் என்ன? அந்த ஐடிதான் வயிற்றைக் கலக்குகிறது. சக்கரத்துக்குச் சக்கரம் தனி எண். சென்சாரையே மாற்றும்வரை, வருடக்கணக்கில், அதே எண்தான்.

ரிசீவரை நான்கு நாள் ஓடவிட்டோம். வண்டி ஓடும்போது சென்சார் நிமிடத்துக்கு ஒருமுறை போலத்தான் சிக்னல் அனுப்பும் என்பதால் எல்லாத் தடவையும் சிக்கவில்லை. சிக்கியதே போதும். காலை 7.10, மாலை 6.42, மகளை டியூஷனிலிருந்து கூட்டிவரும் இரவு 8.35. வீட்டில் ஆள் இல்லாத நேரம் அப்படியே பட்டியலாக நின்றது. "கேமராவுக்கு நம்பர் பிளேட் தெரியணும் மாமா, இதுக்கு சுவருக்குப் பின்னாடி இருந்தாலே போதும்" என்றான்.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறையும் இல்லை. 2010லேயே அமெரிக்காவின் ரட்கர்ஸ், சவுத் கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 40 மீட்டர் தள்ளியிருந்து இந்த சிக்னலைப் பிடித்தார்கள். பொய் சிக்னல் அனுப்பி, ஓடும் காரில் எச்சரிக்கை விளக்கையும் எரியவைத்தார்கள். விற்கிறவர்களுக்கு இது தெரியாது என்றால் எப்படி ஏற்பது?

பயந்துபோய் சென்சாரைக் கழற்றிவிடாதீர்கள். காற்று இறங்கிய டயரோடு பைபாஸில் நூறில் போவது உயிருக்கே ஆபத்து. வாங்கும் முன்பே டைரக்ட்டா, இன்டைரக்ட்டா என்று கேளுங்கள். டைரக்ட் என்றால் என் காரைப் போல டயருக்குள்ளேயே சென்சார். இன்டைரக்ட் என்றால் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் இறுகி நிற்காமல் காக்கும் அமைப்பு) காட்டும் சக்கர வேகத்தை வைத்துக் காற்றைக் கணிக்கும். டயரிலிருந்து ரேடியோ எதுவும் கிளம்பாது. யாராவது "சேஃப் சார்" என்றால் எழுதி, சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள். நான் எழுதிக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. இப்போது அந்த ஷோரூமில் என் போனையே எடுப்பதில்லை.