தாத்தாவின் பாஸ்போர்ட்டைப் பெரிதாக்கித் தந்த கடை

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், செங்குத்தான படியேறிப் போகவேண்டிய ஒரு சின்ன போட்டோ கொப்பிக் கடை இது. பெயர் எழுதவில்லை, நான் சொல்லப்போகும் ஒரு தவறுக்காக அந்தத் தம்பியை யாரும் கேலி செய்ய வேண்டாம்.

நான் தோட்டப் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். தரம் 10 பிள்ளைகளுக்கு, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டதைப் பாடமாகச் சொன்னால், கொட்டாவிதான் பதில். 1948, 1949, 1964 என்று வருடங்களைப் பாடமாக்கிப் பரீட்சையோடு மறந்துவிடுவார்கள். அதனால் இந்தமுறை எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னில் கிடந்த தாத்தாவின் இந்தியப் பாஸ்போர்ட்டையும், அப்பாயியின் பிரஜாவுரிமைச் சான்றிதழையும் ஏ3 அளவுக்குப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்ட நினைத்தேன்.

முதலில் போன இன்னொரு கடையில், பாஸ்போர்ட்டை முதுகு முறியும்படி அமுக்கப் பார்த்தார்கள். பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். இந்தக் கடைத் தம்பி கையைத் துடைத்துவிட்டுத்தான் தொட்டார். அரைவாசி மட்டும் விரித்து, மேலே மெல்லிய புத்தகம் ஒன்றை வைத்து ஸ்கேன் எடுத்தார். "டீச்சர், பாஸ்போர்ட் நம்பர மறைச்சிடவா? பிள்ளைங்க போன்ல படம் எடுப்பாங்க" என்றும் கேட்டார். எனக்கே தோன்றாத விஷயம்.

முதல் பிரதியில் கறைகளையெல்லாம் கணினியில் துடைத்துப் பளிச்சென்று ஆக்கியிருந்தார். தேயிலைச் சாயக் கறையும் இருக்கட்டும், மடிப்பும் இருக்கட்டும் என்றதும் முகம் சுளிக்காமல் மறுபடி அடித்தார். லெமினேட்டோடு ஒரு தாள் 280 ரூபாய். பத்துத் தாளுக்குக் கொஞ்சம் குறைத்தார்.

தவறு தலைப்பில்தான். நான் யுனிகோட்டில் கொடுத்ததை அவர் பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றியதில் ஒரு 'ட' விழுந்து, 'நாடற்றவர்' என்பது 'நாற்றவர்' ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்துதான் கவனித்தேன். சிரிப்பதா, எரிச்சல் படுவதா தெரியவில்லை. காசு வாங்காமல் திருத்தித் தந்தார். அடிக்கும் முன் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

வகுப்பில் தாத்தாவின் பாஸ்போர்ட்தான் பேசியது. பிறந்த இடம்: டிக்கோயா. தேசியம்: இந்தியர். "இங்க பொறந்தவருக்கு ஏன் டீச்சர் அந்த ஊர் பாஸ்போர்ட்?" என்று பின்வாங்கிலிருந்து ஒரு பையன் கேட்டான். அதற்காகத்தானே காத்திருந்தேன்! 1948 சட்டப்படி, இங்கே பிறந்தால் மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன்வழித் தாத்தாவும் அவருடைய தகப்பனான பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். சரி, நாளைக்கு எல்லாரும் பூட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கொண்டுவாருங்கள் என்றேன். மறுநாள் 34 பேரில் ஒருவர் கையிலும் இல்லை. "அப்போ நாங்களும் வெளியேயா?" என்று முன்வாங்கில் ஒரு பிள்ளை கேட்டாள்.

அப்புறம் 1964 ஒப்பந்தத்துக்கு வந்தோம். இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்கள் மக்களில் 975,000 பேரைக் கணக்குப் போட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கு, 300,000 பேரை இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்த கதை. மலையகத்திலிருந்து கோச்சியில், அதாவது ரயிலில், தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம். எங்கள் தாத்தாவுக்கும் பாஸ்போர்ட் வந்தது, பெட்டியும் கட்டினார்கள். 1984இல் கப்பல் நின்றதும் பெட்டி கட்டிலுக்குக் கீழே போனது. அப்பாயி இந்நாட்டுப் பிரஜையானது, எங்கள் மக்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கிய 2003 சட்டத்துக்குப் பிறகுதான். தாத்தா அதைப் பார்க்கவில்லை.

கடைக்குப் போகிறவர்களுக்கு: பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் பூட்டு. மழை நாளில் படி வழுக்கும், தாள்களைப் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு போங்கள். வட்ஸ்அப்பில் படம் அனுப்பினால் தெளிவு குறையும், பென்டிரைவ் நல்லது. சனிக்கிழமை மத்தியானம் கூட்டம். காலை ஒன்பதுக்கே போய்விடுங்கள்.

'நாங்களும் வெளியேயா' என்று கேட்ட பிள்ளை போன கிழமை ஒரு துருப்பிடித்த டின்னோடு வந்தாள். உள்ளே நான்காய் மடித்த ஒரு கடுதாசி, பிரித்தால் கிழியும். சனிக்கிழமை அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்தப் படியேறப் போகிறேன். தம்பியிடம் ஃபோனில் சொன்னேன். "பிரிக்காமலே கொண்டு வாங்க டீச்சர்" என்றார்.