பழைய பிக்கப்பின் அலுமினிய வீலுக்கு ஆட்டோசால்: வட சென்னைக் காற்றில் எது நிற்கும்?

ஆட்டோசால் மெட்டல் பாலிஷ் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வரும் 75 மி.லி. ட்யூப். பழைய பிக்கப் வண்டிகளின் அலுமினிய வீலுக்கு நல்ல பேஸ்ட்தான். ஆனால் மங்கிப்போன வீல் மேல் நேராகப் பிதுக்கித் தேய்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். வீலில் கடைசியில் தெரியும் பளபளப்பில் பெரும்பங்கு வாட்டர் பேப்பரின் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) உழைப்பு. பேஸ்ட் அதை முடித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் நிற்கும் வண்டியாக இருந்தால், வந்த பளபளப்பை எப்படிக் காப்பாற்றுவது என்பதையும் ட்யூப் வாங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும்.

முதலில் ஒரு சோதனை. வீல் முகப்பில், ரிம் ஓரமாக, மிளகு அளவு பேஸ்ட் வைத்து வெள்ளைப் பனியன் துணியால் அரை நிமிடம் தேய்க்கவும். துணி கறுத்தால் அது வெறும் அலுமினியம். பேஸ்ட் உலோகத்தைத் தொடுகிறது. துணி கறுக்காவிட்டால் மேலே கிளியர் கோட், அதாவது நிறமில்லாத லாக்கர் பூச்சு, இருக்கிறது. எத்தனை ட்யூப் தீர்த்தாலும் அந்த லாக்கரைத்தான் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள். டாடா ஜெனான், 2016-ல் வந்த இசுசு வி-கிராஸ் போன்றவற்றின் கம்பெனி வீல்கள் லாக்கர் போட்டவை. அவற்றில் லாக்கரை முழுதாக எடுக்காமல் பாலிஷ் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அந்த லாக்கர் இங்கே சீக்கிரம் தோற்பதற்குக் காரணம் உண்டு. மணலி, மாதவரம் சாலைகளில் கன்டெய்னர் லாரிகளின் டயர் வாரி எறியும் ஜல்லித் துகள் லாக்கரில் குண்டூசி முனை அளவு ஓட்டை போடும். பேலன்சிங் செய்யும்போது ரிம் விளிம்பில் தட்டி மாட்டும் கிளிப் வெயிட்டும் அதையே செய்யும். உப்புக் காற்றும் ஈரமும் அந்த ஓட்டை வழியே உள்ளே போய், லாக்கருக்கு அடியில் வெள்ளை நூல் மாதிரி வளைந்து வளைந்து அரிக்கும். மேலிருந்து பார்த்தால் அழுக்குப் போலத் தெரியும், கழுவினால் போகாது. இந்தக் கோடுகள் தெரிந்தால் லாக்கரை உரித்து எடுப்பது தவிர வேறு வழி இல்லை.

அழுக்கைப் போக்க ஆசிட் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அலுமினியத்தைக் குழி குழியாக அரித்து, சாம்பல் நிறமாக்கிவிடும். காஸ்டிக் சோடா கலந்த கிளீனரும் அலுமினியத்துக்கு எதிரி. உதிரியாக விற்கும் சில அலாய் கிளீனர்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் இருக்கும். அது வீலை மட்டுமல்ல, தோலுக்கு அடியில் இறங்கி எலும்பு வரைக்கும் பாதிக்கும். லேபிளில் என்ன இருக்கிறது என்று எழுதாத கேனைத் தொடவே வேண்டாம். கார் ஷாம்பூவும் நைலான் பிரஷ்ஷும் போதும்.

லாக்கர் எடுக்க பெயிண்ட் ரிமூவர். 16 அங்குல வீல் நான்குக்கு, முகப்பு மட்டும் என்றால், இரண்டு கோட்டுக்குச் சுமார் 1 லிட்டர் ஆகும். டயரைக் கழற்றிவிடுவது நல்லது. முடியாவிட்டால் டேப்பும் பாலித்தீனும் வைத்து ரப்பரை முழுதாக மூட வேண்டும். நம் ஊர் வெயிலில் ரிமூவர் வேலை செய்வதற்குள் காய்ந்துவிடும். அதனால் தடவியதும் மேலே பாலித்தீன் ஷீட் போட்டு 15 நிமிடம் நிழலில் விடவும். லாக்கர் சுருங்கி எழும்பியதும் பிளாஸ்டிக் பட்டையால் வழித்து எடுக்கவும். மெத்திலீன் குளோரைடு உள்ள ரிமூவர் மெல்லிய நைட்ரைல் கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். தடித்த கெமிக்கல் கையுறை வேண்டும், வேலை வெட்டவெளியில் நடக்க வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் இதன் ஆவி ஆபத்தானது. பவுடர் கோட் அடித்த வீல் இதற்கு லேசில் மசியாது. அதைப் பவுடர் கோட்டிங் பட்டறையிலேயே உரிக்கக் கொடுப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

இனிதான் உண்மையான வேலை. பிளாட்பார விளிம்பில் உரசிய காயம் இருந்தால், அந்த இடத்தை மட்டும் அரைவட்ட அரத்தால் சமன் செய்து 120-ம் நம்பர் பேப்பர் போடவும். மற்ற இடங்களுக்கு 320 அல்லது 400-ல் தொடங்கி 600, 800, 1000, 1500, 2000 என்று போக வேண்டும். எல்லாம் தண்ணீரில் நனைத்து, அதில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு. அலுமினியம் மெத்தென்ற உலோகம். உலர்வாகத் தேய்த்தால் துகள் பேப்பரில் அடைத்துக்கொண்டு, அந்தக் கட்டியே புதுக் கீறல் போடும். ஒரு வீலுக்கு 400 முதல் 1000 வரை ஒவ்வொரு நம்பரிலும் இரண்டு ஷீட், 1500-லும் 2000-லும் தலா ஒரு ஷீட் கையில் இருக்கட்டும். ஒவ்வொரு நம்பருக்கும் தேய்க்கும் திசையை மாற்றவும். முந்தைய நம்பரின் கோடு குறுக்கே ஒன்றுகூடத் தெரியாதபோதுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். 1000-ல் அவசரப்பட்டு விட்டுப்போன 400-ன் கோடு, பேஸ்ட் போட்டுப் பளபளத்த பிறகுதான் வெயிலில் பல்லைக் காட்டும். அப்போது மறுபடி 600-க்கு இறங்க வேண்டியதுதான். பேஸ்ட்டால் அதை அழிக்க முடியாது. இரும்பு கிரைண்டிங் செய்த டிஸ்க்கையோ ஸ்டீல் உல்லையோ வீலில் வைக்கக் கூடாது. இரும்புத் துகள் அலுமினியத்துக்குள் பதிந்து, முதல் மழையிலேயே துருப்புள்ளியாக வெளியே வரும்.

இப்போது ஆட்டோசால். திறந்ததும் அம்மோனியா நெடி அடிக்கும், காற்றோட்டம் இருக்கட்டும். வீல் தொட்டால் சூடு தெரியாத நிலையில் இருக்க வேண்டும். ஓடி வந்த வண்டியின் சூட்டில் பேஸ்ட் காய்ந்து திட்டாகிவிடும். பட்டாணி அளவு எடுத்து, ஒரு நேரத்தில் ஒரு ஸ்போக் என்ற கணக்கில் பனியன் துணியால் அழுத்தித் தேய்க்கவும். கறுப்புக் குழம்பாக மாறும். அது முழுதாகக் காய்வதற்குள் சுத்தமான துணியால் துடைக்கவும். நிறையப் பேர் தடுமாறும் இடம் இது: துணி கறுப்பது நிற்கும் வரை தேய்க்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். அலுமினியம் தேயும் வரை துணி கறுத்துக்கொண்டேதான் இருக்கும். பிம்பம் தெளிவாகத் தெரிந்ததும் நிறுத்திவிடலாம். 2000 வரை ஒழுங்காகத் தேய்த்த வீலுக்கு 15 மி.லி. போதும், ஒரு ட்யூபில் நான்கு வீலும் முடிந்து, ஸ்பேர் வீலுக்கும் மிஞ்சும்.

மெஷின் வைக்க நினைத்தால், வேகத்தைக் குறைக்க வசதியுள்ள பாலிஷர் அல்லது டிரில்லில் மாட்டும் காட்டன் மாப் (துணி வட்டு). சாதாரண 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை ஓடும். அந்த வேகத்தில் பேஸ்ட் தெறிக்கும், கருகும், சில நேரம் விளிம்பையும் தின்னும். நான்கு வீலையும் பஃபிங் பட்டறையில் கொடுத்தால் முதலில் பிரவுன் சோப்பும் பிறகு வெள்ளை சோப்பும் (இரண்டும் மெருகேற்றும் கட்டிகள்) போட்டு முடித்துவிடுவார்கள். கொடுக்கும்போது இரும்புக்குப் பயன்படுத்தாத மாப்பைப் போடச் சொல்லிக் கேட்டு வாங்கவும்.

கண்ணாடி மாதிரி ஆகுமா என்றால், எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வது நல்லது. கம்பெனி வீல்கள் பெரும்பாலும் சிலிக்கான் கலந்த வார்ப்பு அலுமினியம். அதில் நுண்ணிய துளைகள் உண்டு. ஃபோர்ஜ் செய்த (வார்க்காமல் அழுத்தி உருவாக்கிய) லாரி வீலில் வரும் ஆழமான பளபளப்பு வார்ப்பில் வராது. அது பேஸ்ட்டின் குறை இல்லை.

இந்த ஊரில் ஆட்டோசாலுக்கு வைக்க வேண்டிய கடுமையான கேள்வி, எத்தனை நாள் நிற்கும் என்பது. பேஸ்ட் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்கிறது. கடலோர ஈரத்தில் அது காவலுக்குப் போதாது. மேலே எதுவும் பூசாவிட்டால் சில வாரங்களிலேயே மங்கல் தொடங்கும். மெழுகு வகை வேக்ஸ் பிரேக் சூட்டில் இளகிவிடும். வீலுக்கென்றே விற்கும் சிந்தெடிக் சீலன்ட் அதைவிட நன்றாகத் தாங்கும். அதைப் பூசுவதற்கு முன் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கை முழுதாகத் துடைக்கவும். வாரம் ஒருமுறை கழுவ வேண்டும், அதுவும் மெட்ரோ தண்ணீரில். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிய போர் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால், உப்பை நாமே தடவி விட்டது போல்தான்.

சிலர் பாலிஷ் போட்ட வீல் மேல் ஸ்ப்ரே லாக்கர் அடித்துவிடலாம் என்கிறார்கள். கண்ணாடி வழவழப்பில் லாக்கருக்குப் பிடிமானம் கிடையாது. விளிம்பிலிருந்து தாள் தாளாக உரியும், உரிந்த இடத்தில் பழைய வெள்ளை நூல் திரும்ப வரும். லாக்கர்தான் வேண்டுமென்றால் 400-லேயே நிறுத்தி, உலோகத்தில் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமர், சில்வர் பெயிண்ட், அதன் மேல் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே கிளியர் என்று போக வேண்டும். அந்த வழியில் ஆட்டோசாலுக்கு வேலையே இல்லை. 2கே ஹார்ட்னரில் நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் இருப்பதால் துணி மாஸ்க் போதாது, பெயின்டரிடம் விடுவதே சரி.

பாலிஷோ பெயிண்டோ, எதுவானாலும் நட் உட்காரும் கூம்பு வடிவ இடத்தையும் ஹப்பில் பதியும் பின்முகத்தையும் தொடக் கூடாது. அங்கே பெயிண்ட் படிந்தால் ஓட்டத்தில் அது நசுங்கி நட் தளரும். டயர் திரும்ப ஏற்றுவதற்கு முன், டயரின் உள்விளிம்பான பீட் உட்காரும் இடத்தில் உள்ள வெள்ளைப் பொடியை ஸ்காட்ச் பிரைட்டால் எடுத்து, பீட் சீலர் தடவச் சொல்லுங்கள். கடலோர வண்டிகளில் பஞ்சர் இல்லாமலே காற்று இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். பேலன்சிங்குக்கு ஒட்டும் வெயிட், உள்பக்கமாக. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில் நட்டுகளை மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி சரிபார்க்கவும். தேய்க்கும்போது ஸ்போக்கிலோ நட் ஓட்டையைச் சுற்றியோ மயிரிழை விரிசல் கண்ணில் பட்டால் அந்த வீல் எடைக்குத்தான். வெல்டிங் வைத்து ஓட்டக் கூடாது.

யாருக்கு எது என்று கேட்டால்: பெரம்பூர், கொளத்தூர்ப் பக்கம் ஷெட்டில் நிற்கிற, வாரக் கடைசியில் வெளியே வருகிற, உரிமையாளரே துணி எடுத்துத் துடைக்கிற வண்டிக்கு ஆட்டோசாலைத் தயங்காமல் சொல்லலாம். லாக்கர் இல்லாத வெறும் அலுமினிய வீலுக்கு இதைவிட எளிதான வழி இல்லை. எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகச் சாலையில் தினமும் லோடு அடித்து, வெட்டவெளியில் இரவைக் கழிக்கும் வண்டிக்கு மட்டும் இது வேண்டாம். சில்வரும் கிளியரும் அடித்து, கிளிப் வெயிட் போட விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.