இரண்டு டிராகுலா, ஒரு ஃபிராங்கன்ஸ்டைன், ஒரு அசட்டுப் பேராசிரியர்

திகில் இலக்கியத்தில் அமெரிக்கக் காமெடி இயக்குநர் மெல் புரூக்ஸ் இரண்டு முறை கை வைத்தார். 1974-இல் 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்', 1995-இல் 'டிராகுலா: டெட் அண்ட் லவ்விங் இட்'. முதல் படத்தை இன்றும் ஜனங்கள் தேடிப் பார்க்கிறார்கள். இரண்டாவது, சுமார் 3 கோடி டாலர் செலவழித்து அமெரிக்காவில் 1 கோடி சொச்சம் மட்டுமே வசூலித்துப் படுத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் படமே இயக்கவில்லை. இரண்டும் ஒரே கை செய்த கேலி, இரண்டும் யுனிவர்சல் நிறுவனத்தின் பழைய பேய்ப் படங்களைத்தான் வம்புக்கு இழுக்கின்றன. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

வயதாகிவிட்டது, சரக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. விடை அந்தப் படங்களின் பின்னால் இருக்கும் நாவல்களில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதைச் சோதித்துப் பார்க்க இன்னும் இரண்டு படங்களையும் சேர்த்துக்கொள்கிறேன்: 1979-இல் வந்த 'லவ் அட் ஃபர்ஸ்ட் பைட்', 1963-இல் ஜெர்ரி லூயிஸ் இயக்கி நடித்த 'தி நட்டி புரொஃபசர்'.

முதலில் ஒன்று. இலக்கியப் பகடி என்று பேர் வாங்கிய இந்தப் படங்கள் பெரும்பாலும் இலக்கியத்தைத் தொடுவதே இல்லை. கூனல் முதுகு உதவியாளன், மின்னலால் வரும் உயிர், பொறி பறக்கும் ஆய்வகம், மாறிப்போன மூளை என்று நமக்கு ஃபிராங்கன்ஸ்டைன் பேரோடு ஞாபகம் வரும் எதுவும் மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட நாவலில் கிடையாது. அதில் ராட்சசனை உருவாக்கும் விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் ஒரு மாணவன். மாடி அறையில் தனியாக வேலை செய்கிறான். உயிர் எப்படி வந்தது என்பதை ஷெல்லி விளக்காமலே தாண்டிவிடுகிறார். டிராகுலாவும் அப்படித்தான். வெயில் பட்டால் பஸ்பமாகிவிடுவான் என்பது 1922-இல் வந்த 'நோஸ்ஃபெராட்டு' என்ற ஜெர்மன் மௌனப் படத்தின் உபயம். பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில் அவன் லண்டன் தெருவில் பட்டப்பகலில் நடமாடுகிறான், பகலில் சக்தி குறைவு, அவ்வளவுதான். கடைசியில் அவனை முடிப்பதும் வெயில் இல்லை, இரண்டு கத்திகள்.

ஆக, கேலி செய்யப்படுவது 1931-இல் யுனிவர்சல் எடுத்த 'டிராகுலா', 'ஃபிராங்கன்ஸ்டைன்' தொடங்கி வந்த சினிமாக்கள். கேலியைத் தாண்டி நாவல் வரைக்கும் எந்தப் படம் போய்ச் சேர்கிறது என்பதுதான் என் அளவுகோல்.

'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' யோசனை நடிகர் ஜீன் வைல்டருடையது. அவரும் புரூக்ஸும் சேர்ந்து திரைக்கதை எழுதினார்கள். நீங்கள் இதில் நடிக்கக்கூடாது என்று புரூக்ஸுக்கு அவர் ஒரு நிபந்தனையும் போட்டார். அந்த ஒரு நிபந்தனையே படத்தைப் பாதி காப்பாற்றியிருக்கும் என்பது என் எண்ணம். புரூக்ஸ் திரையில் வந்தாலே பார்வையாளர்களைப் பார்த்துக் கண்ணடிக்கத் தொடங்கிவிடுவார். கறுப்பு வெள்ளையில்தான் எடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்ததில் கொலம்பியா நிறுவனத்தோடு பேச்சு முறிந்து, படம் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸுக்குப் போனது. 1931 படத்துக்காக கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடன் செய்த ஆய்வகக் கருவிகள் அவருடைய கராஜில் பத்திரமாக இருந்தன. அவற்றையே கொண்டுவந்து வைத்தார்கள். வசனத்தை நிறுத்திவிட்டு ஓடவிட்டால் நிஜமான பழைய பேய்ப் படம் என்றே தோன்றும். கேலி செய்கிறவனுக்குக் கேலி செய்யப்படும் பொருள்மேல் இவ்வளவு மரியாதை இருப்பதை நான் வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை.

இந்த மரியாதை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதற்கு அந்தக் கண் தெரியாத கிழவர் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். ஜீன் ஹேக்மன் அடையாளமே தெரியாத தாடியோடு வருவார். தனிமையில் வாடும் அவர், தனக்கு ஒரு துணை வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கும்போது ராட்சசன் கதவை உடைத்துக்கொண்டு வந்து நிற்கிறான். கிழவருக்கு ஒரே சந்தோஷம். கொதிக்கும் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றுவதாக நினைத்து விருந்தாளியின் மடியில் ஊற்றுகிறார். குடிக்கப்போகும்போது 'வாழ்க' என்று மோதி அவன் கோப்பையை உடைக்கிறார். சுருட்டைப் பற்றவைப்பதாக நினைத்து அவன் கட்டைவிரலுக்குத் தீ வைக்கிறார். ராட்சசனாக வரும் பீட்டர் பாயிலின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். கோபம் இல்லை. ஒவ்வொரு முறையும் 'சரி, இந்தத் தடவையாவது' என்று பொறுமையாகக் காத்திருக்கும் முகம் அது. கடைசியில் அலறிக்கொண்டு ஓடுகிறான். எஸ்பிரெஸோ போடலாம் என்றிருந்தேனே என்று கிழவர் பின்னாலிருந்து கூப்பிடுகிறார்.

இந்தக் கிழவர் மூன்றாவது கிழவர். 1935-இல் வந்த 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் கண் தெரியாத ஒரு துறவி ராட்சசனுக்கு ரொட்டி கொடுத்து, வயலின் வாசித்து, 'நண்பன்' என்ற சொல்லைக் கற்றுக்கொடுக்கிறார். அதற்கும் மூலம் நாவலில் வரும் டி லேசி என்ற முதியவர். அவர் குடும்பத்தை மாதக்கணக்கில் ஒளிந்திருந்து பார்த்து, பேசக் கற்றுக்கொண்டு, மற்றவர்கள் வெளியே போன நேரம் பார்த்து அந்தப் படைப்பு உள்ளே போய் அவரிடம் மனம் விட்டுப் பேசுகிறது. முகத்தைப் பார்க்க முடியாததால் அவர் ஒருவர்தான் அதை மனிதனாக நடத்துகிறார். பிள்ளைகள் திரும்பி வந்ததும் மகன் அதை அடித்து விரட்டுகிறான். மூன்று கிழவர்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், சிரிப்புக் காட்சியிலும் அந்த ஏக்கம் அப்படியே இருக்கிறது. அடி விழுவது மட்டும் அன்பின் பெயரால்.

அதைவிட முக்கியமானது கதவுக் காட்சி. ராட்சசன் இருக்கும் அறைக்குள் அதை உருவாக்கிய ஃபிரடெரிக் (ஜீன் வைல்டர்) தனியாகப் போகிறான். நான் எவ்வளவு கத்தினாலும் கதவைத் திறக்காதீர்கள் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டுப் போகிறான். உள்ளே அது எழுந்து உறுமியதும் அம்மா என்று அலறுகிறான், திறங்கள் என்று கெஞ்சுகிறான். சொன்ன சொல் தவறாத சகாக்கள் திறக்கவில்லை. வேறு வழியில்லாமல் அதைப் பார்த்து 'நீ அழகன்' என்று சொல்லத் தொடங்குகிறான். சும்மா உயிர் பிழைக்கச் சொன்னதுதான். சொல்லச் சொல்ல அவனுக்கே அது உண்மையாகிறது. அழுகிற ராட்சசனைக் கட்டிக்கொண்டு, இது பேயல்ல, நல்ல பிள்ளை என்கிறான்.

நாவலில் விக்டர் என்ன செய்தான்? அது கண் திறந்த மறுகணம் அறையை விட்டு ஓடினான். அத்தனை கொலைக்கும் அந்த ஓட்டம்தான் காரணம். பகடியில் ஓட முடியாதபடி கதவைப் பூட்டிவிட்டார்கள். நூற்றைம்பது வருடத்துக்கு மேல் அந்தப் படைப்பு கேட்டுக்கொண்டிருந்ததை ஒரு காமெடிப் படம் கொடுத்துவிட்டது. இது தற்செயல் இல்லை. முடிவில் பேச்சு வந்த ராட்சசன் ஊர்க்கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறான்: அன்பை எழுப்ப முடியவில்லை, அதனால் அச்சத்தை உண்டாக்க முடிவு செய்தேன். இது ஷெல்லியின் வரி, நாவலில் அந்தப் படைப்பு விக்டரிடம் சொல்வது. 1931-இல் உறுமுவதோடு நின்ற ராட்சசனுக்கு நாவலின் வாயைத் திருப்பித் தந்தவர்கள் இந்தக் கோமாளிகள்தான்.

படத்தில் குறையே இல்லையா என்றால், உண்டு. பெண் பாத்திரங்களை வைத்துச் செய்யும் சில ஜோக்குகள் இன்று நெளிய வைக்கின்றன, அதிலும் மேடலின் கான் கடத்தப்படும் காட்சி. அதைச் சொல்லாமல் யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது.

இப்போது 1995 டிராகுலா. லெஸ்லி நீல்சன் டிராகுலா, அவனை வேட்டையாடும் வான் ஹெல்சிங்காகப் புரூக்ஸே. இந்த முறை யாரும் நிபந்தனை போடவில்லை போலிருக்கிறது. படம் கலரில் இருக்கிறது, வெளிச்சம் பளிச்சென்று இருக்கிறது, எங்கேயும் பயமில்லை. 1931 படத்தைக் காட்சிக்குக் காட்சி பின்பற்றுகிறது. நாவலில் டிராகுலாவின் கோட்டை இருக்கும் டிரான்சில்வேனியா போவது ஹார்க்கர் என்ற இளம் வக்கீல், 1931 படத்தில் ரென்ஃபீல்ட், இதிலும் ரென்ஃபீல்டே. நடுநடுவே 1992-இல் வந்த கொப்போலா படத்தின் தலைமுடிக்கும், தன்னிஷ்டத்துக்குத் திரியும் நிழலுக்கும் ஒரு குத்து.

நல்ல இடங்கள் இல்லாமலில்லை. ரத்தக்காட்டேரியாகிவிட்ட லூசியின் நெஞ்சில் ஆப்பு அடிக்கும் காட்சியில் ரத்தம் பீறிட்டு ஹார்க்கரைத் தலையோடு கால் நனைக்க, விஷயம் தெரிந்த வான் ஹெல்சிங் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறார். இன்னொரு அடி அடி என்கிறார், மறுபடியும் அபிஷேகம். விருந்து நடனத்தில் கண்ணாடியைத் திறந்து காட்ட, அதில் தெரியாத டிராகுலாவோடு ஆடும் மீனா மட்டும் அந்தரத்தில் சுழல்வதைக் கூட்டம் வாய் பிளந்து பார்க்கிறது. பீட்டர் மெக்நிக்கல் ரென்ஃபீல்டாக டாக்டர் முன்னால் டீ குடித்துக்கொண்டே பூச்சியைப் பிடித்துத் தின்றுவிட்டு இல்லை என்று சாதிப்பது, அந்த ஒரு நடிப்புக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

ஆனால் இவையெல்லாம் தனித்தனி துணுக்குகள். டிராகுலா படிக்கட்டில் வழுக்கி விழுகிறான், தலையில் இடித்துக்கொள்கிறான், சரி. அவனுக்கு என்ன வேண்டும்? ரத்தம். அதற்குமேல் படத்துக்கு அவனைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. ராட்சசனுக்கு அன்பு வேண்டும் என்ற ஒரு இழை கையில் இருந்ததால் அங்கே ஜோக்குகள் கோத்துக்கொண்டன. இங்கே நூல் இல்லை. ஸ்டோக்கரிடமும் நூல் இல்லையா என்றால், இருக்கிறது, புரூக்ஸ் எடுக்கவில்லை.

எடுத்தது, நம்பினால் நம்புங்கள், டிஸ்கோ ஆடும் டிராகுலா. 'லவ் அட் ஃபர்ஸ்ட் பைட்' படத்தை ஸ்டான் டிராகோட்டி இயக்கினார், டிராகுலாவாக ஜார்ஜ் ஹாமில்டன். அதே 1979-இல் ஃபிராங்க் லாங்கெல்லா நடித்த டிராகுலாவும் ஹெர்சாக்கின் 'நோஸ்ஃபெராட்டு'வும் வந்தன, இரண்டும் கௌரவமான படங்கள். ஹாமில்டன் படத்துக்கு அந்தக் கௌரவமெல்லாம் கிடையாது. ருமேனியக் கம்யூனிஸ்ட் அரசு அவனைக் கோட்டையிலிருந்து காலி செய்யச் சொல்கிறது, ஜிம்னாஸ்டிக் பயிற்சிக்கு இடம் வேண்டுமாம். சவப்பெட்டியோடு நியூயார்க் கிளம்புகிறான். வழியில் பெட்டி மாறி, ஹார்லெம் தேவாலயத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்ச் சேருகிறது.

ஸ்டோக்கரின் நாவலும் அடிப்படையில் இடம்பெயர்வுக் கதைதானே. மலைநாட்டுப் பழைய பிரபு உலகின் பெரிய நகரத்துக்குக் குடியேற முடிவு செய்கிறான். ஆங்கிலம் படிக்கிறான், ரயில் கால அட்டவணையைப் புரட்டுகிறான், ஊர் மண்ணை 50 பெட்டிகளில் ஏற்றி அனுப்புகிறான். வந்து சேர்ந்தால் இவன் என்ன செய்வானோ என்று நாவல் நடுங்குகிறது. 1979 படத்தில் வந்து சேர்கிறான், ஆனால் அவனை யாரும் சட்டையே செய்வதில்லை. அந்த நகரத்தில் கறுப்பு மேலங்கி போட்டுக்கொண்டு ராத்திரியில் அலைகிறவன் ஒரு விசேஷமா என்ன? வான் ஹெல்சிங்கின் வாரிசு ஒரு மனநல மருத்துவர், ரிச்சர்ட் பெஞ்சமின். சிலுவைக்குப் பதில் யூத நட்சத்திரத்தை நீட்டுகிறார், ஓநாய் மனிதனுக்கான வெள்ளிக் குண்டால் இவனைச் சுடுகிறார். கடைசியில் டிராகுலாவும் காதலியும் வௌவாலாக மாறி ஜமைக்காவுக்குப் பறந்துவிடுகிறார்கள். டிராகுலா ஜெயிக்கும் பகடி! இயக்கம் சுமார்தான், கறுப்பினத்தவரை வைத்துச் செய்த ஜோக்குகள் மோசம். இருந்தும் நாவலின் பயத்தைத் தலைகீழாக்கிக் காட்டியதில் புரூக்ஸின் டிராகுலாவை இது சுலபமாக முந்துகிறது.

'தி நட்டி புரொஃபசர்' கொஞ்சம் வேறு ஜாதி. ஸ்டீவன்சன் 1886-இல் எழுதிய ஜெகில், ஹைட் கதையில் நல்ல டாக்டர் ஜெகிலும் கொடியவன் ஹைடும் ஒருவரே என்பது கடைசிவரை மர்மம். இன்று அந்த மர்மம் யாருக்கும் மிச்சமில்லை. லூயிஸ் அதனால் வேறு இடத்தில் ஆச்சரியத்தை வைக்கிறார். பல் துருத்திய, தடுமாறும் ஜூலியஸ் கெல்ப் மருந்தைக் குடித்துத் துடிதுடித்து விழுகிறான், அசல் பேய்ப் படம் மாதிரி. அப்புறம் அவன் கண் வழியாகவே கேமரா தெருவில் நடக்கிறது. எதிரே வருகிறவர்கள் உறைந்து நிற்கிறார்கள். என்ன கோரமோ என்று காத்திருந்தால், திரும்பி நிற்பது 'படி லவ்' (Buddy Love) என்ற அழகன். எண்ணெய் தலை, திமிர் பேச்சு, எதிரில் இருப்பவரை மதிக்காத குணம். ஹைட் அருவருப்பானவன் என்றார் ஸ்டீவன்சன். ஹைட் ஊரே மயங்கும் ஆளாகவும் இருக்கலாம் என்கிறார் லூயிஸ். ஜோக்குகளில் பாதி எனக்கு இழுவையாகத்தான் பட்டன, ஆனால் இந்த ஒரு திருப்பம் மூலக்கதையோடு சரிக்குச் சரி நின்று வாதாடுகிறது. எடி மர்ஃபியின் 1996 படம் இதை உடல் பருமன் கதையாக்கிவிட்டது.

என் வரிசை கேட்டால்: ஃபிராங்கன்ஸ்டைன், பேராசிரியர், டிஸ்கோ டிராகுலா, வெகு தூரத்தில் நீல்சன். நீல்சன் படத்தைப் பார்ப்பதென்றால் முதலில் பேலா லுகோசியின் 1931 படத்தைப் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி கேலி யாரைப் பற்றி என்றே புரியாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த நாலையும் விட்டுவிட்டு 1948-இன் 'அபாட் அண்ட் காஸ்டெல்லோ மீட் ஃபிராங்கன்ஸ்டைன்' போடுங்கள். லுகோசி அதில் சிரிக்காமல் டிராகுலாவாகவே இருக்கிறார், ஓடுவதும் உளறுவதும் மற்ற இருவர் வேலை. 'லவ் அட் ஃபர்ஸ்ட் பைட்' தேடுகிறவர்கள் பதிப்பைக் கவனித்து எடுக்கவும். பழைய வீடியோ பதிப்புகள் சிலவற்றில் டிஸ்கோ காட்சியின் அசல் பாட்டை எடுத்துவிட்டு வேறு எதையோ ஒட்டியிருக்கிறார்கள், ஆட்டமும் தாளமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் போகும்.