லாப்ரடார் குட்டி வாங்கிய இடம்: ஒரு மதிப்புரை

நாங்கள் லாப்ரடார் குட்டி வாங்கிய வளர்ப்பாளரை முழு மனத்துடன் பரிந்துரைக்கிறேன். குட்டிகளைக் காட்டுவதற்கு முன்பே, தாய் நாய் இருந்த அறைக்கு எங்களை அழைத்துச் சென்றார். தரை காய்ந்திருந்தது, துர்நாற்றம் இல்லை. அந்நியர்களைக் கண்டும் தாய் உறுமாமல், வாலை ஆட்டியபடி எழுந்து வந்து எங்கள் கைகளை முகர்ந்தது. தாயின் அச்சமும் அமைதியும் குட்டிகளிடம் படியும் என்பதால், குட்டியின் அழகை விட இதையே முதலில் கவனிக்கச் சொல்வேன்.

இந்த இனத்தில் இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடும் என்பதால், தாய், தந்தை இரண்டின் எக்ஸ்ரே அறிக்கைகளையும் நாங்கள் கேட்காமலேயே எடுத்து வைத்தார். 8 வாரம் நிறையாமல் குட்டியைத் தர முடியாது என்று உறுதியாக மறுத்தார்; உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்கிறது என்பதால், அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடித்தது. பகலில் வீட்டில் யார் இருப்பார்கள் என்பது வரை எங்களையும் துருவித் துருவி விசாரித்தார்.

குறை ஒன்றுதான்: பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி போட்டது அட்டையில் முறையாகப் பதிவாகியிருந்தபோதிலும், குடற்புழு மருந்து கொடுத்த தேதிகளை வாய்மொழியாகவே சொன்னார். வளர்க்க இயலாத நிலை வந்தால், எந்த வயதிலும் நாயைத் தாமே திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கையொப்பமிட்டும் கொடுத்தார்.